அடிமுடி தேடும் விவாதம்

திருவண்ணாமலையின் தல வரலாறு ஒரு சச்சரவில் தொடங்குகிறது. படைத்தல் தொழிலுக்குரிய பிரமனும் காத்தல் தொழிலுக்குரிய திருமாலும் தங்களுள் பெரியவர் யார் என்று வாதிட்டு, வாதம் முற்றிப் போராகி, உலகங்கள் நடுங்கிய வேளையில், இருவருக்கும் நடுவே ஆதியும் அந்தமும் காணவொண்ணாத ஓர் அக்கினி ஸ்தம்பம் எழுந்தது என்றும், அதன் அடியைத் தேடித் திருமால் வராகமாய் மண்ணைக் கிளைத்துச் சென்றார், முடியைத் தேடிப் பிரமன் அன்னமாய் விண்ணில் பறந்தார் என்றும், அந்தச் சோதியே பின்னர் குளிர்ந்து மலையாய் நின்றது என்றும் புராணம் கூறும். கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சிக் கொப்பரையில் சுடர் எழுந்ததும் இலட்சோபலட்சம் மக்கள் அரோகரா என்று கைகூப்புவது அந்தச் சோதியை நினைந்துதான்.

பெரியவர் யார் என்ற அந்தப் பழைய வினா இன்றும் இவ்வூரில் ஓயவில்லை. அதன் விஷயம் மாத்திரம் மாறியிருக்கிறது. மாட வீதியின் தேநீர்க்கடைகளிலும், பௌர்ணமி இரவில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும், கிரிக்கெட்டில் கபில்தேவ் பெரிய தலைவரா தோனி பெரிய தலைவரா, வெங்கட்ராகவனின் சுழல் பெரிதா அசுவினின் சுழல் பெரிதா, ஓர் ஆட்டக்காரனுக்கு இருபத்தேழு கோடி ரூபாய் தகுமா என்றெல்லாம் நிகழும் வாதங்களைக் காது கொடுத்துக் கேட்டால், அவற்றில் ஒலிக்கும் ஆவேசம் சமய வாதங்களில் ஒலிக்கும் ஆவேசத்துக்குச் சற்றும் குறைந்ததன்று என்பது விளங்கும். கடல் கடந்த அமெரிக்காவிலும், அந்நாட்டார் கால்பந்து என்று வழங்கும் ஆட்டத்தில் அணியை நடத்திச் செல்லும் குவாட்டர்பேக்குகளுள் நான்கு முறை மகுடம் பெற்ற ஜோ மொன்டானா உயர்ந்தவரா, ஏழு முறை பெற்ற டாம் பிரேடி உயர்ந்தவரா என்று தகப்பனும் மகனும் இதே ஆவேசத்தோடு வாதிடுகிறார்கள்.

இதை வீண்பொழுது என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. ஒருவனுடைய திறமையைக் கண்டு வியந்து, அந்த வியப்பைப் பிறர்க்கும் உணர்த்த வேண்டுமென்று துடிப்பது பக்திக்கு அணித்தான ஒரு குணம். ஆகவே இவ்வாதம் கூடுமா கூடாதா என்பது நம் வினாவன்று. மனிதனுடைய மேன்மையை ஒப்பிட்டு அளக்க முடியுமா, அளக்கப் புகுந்தவன் காக்க வேண்டிய தர்மம் யாது என்பதே வினா.

ஒப்பிடுவதற்கு ஒரு நெறி உண்டு. அதைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. இதே மாவட்டத்தில் போளூருக்கு அருகேயுள்ள திருமலையில், பாறையில் வடித்த நேமிநாதர் ஓங்கி நிற்கிறார். ஆரணி, வந்தவாசிப் பக்கத்து ஊர்களில் தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்கின்றனர். அவர்களுடைய தரிசனம், ஒரு பொருளைப் பற்றி எதைச் சொன்னாலும் திரவியம் (பொருள்), க்ஷேத்திரம் (இடம்), காலம், பாவம் (நிலை) என்னும் நான்கையும் உடன்வைத்தே சொல்ல வேண்டும், அவற்றை நீக்கிவிட்டுப் பொதுவாய்ச் சொல்லும் சொல் ஏகாந்தமாய், அதாவது ஒருதலைப்பட்சமாய், பிழைபட்டுப் போகும் என்று போதிக்கிறது. இந்நெறிப்படி பார்த்தால், 1983-ல் கபில்தேவ் வென்ற உலகக் கோப்பை, அறுபது ஓவர் ஆட்டம்; வெள்ளைச் சட்டை, சிவப்புப் பந்து, இங்கிலாந்தின் ஈரக் காற்று; இறுதியாட்டத்தில் இந்தியா எடுத்தது 183 ஓட்டங்களே, அதில் நம் ஸ்ரீகாந்த் அடித்த 38-தான் தனிமனிதர் கணக்கில் அதிகம். 2011-ல் தோனி வென்றது ஐம்பது ஓவர் ஆட்டம். வெள்ளைப் பந்து, மும்பையின் இரவு, தாய்நாட்டு மக்களின் எதிர்பார்ப்பு என்னும் மலைபோன்ற பாரம். முன்னவர் எவரும் எதிர்பாராததைச் சாதித்தார். பின்னவர் எல்லோரும் எதிர்பார்த்ததைச் சாதித்தார். இவ்விரண்டில் எது கடினம் என்று எந்தத் தராசு சொல்லும்?

பந்துவீச்சிலும் அப்படியே. வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் ஆட்டங்களில் 156 விக்கெட்டுகள் எடுத்தார். அசுவின் 106 ஆட்டங்களில் 537 எடுத்து 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். எண்களை மாத்திரம் பார்ப்பவனுக்கு வழக்கு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் வெங்கட்ராகவனுடைய காலத்தில் பேடி, பிரசன்னா, சந்திரசேகர் என்ற மகா சமர்த்தர் மூவரோடு அவர் இடத்துக்குப் போட்டியிட வேண்டியிருந்தது. முன்காலை நீட்டிக் காப்பில் பந்தை வாங்கிக்கொண்ட மட்டையாளனுக்கு நடுவர் அநேகமாக அவுட் கொடுக்கத் துணியாத காலம் அது. பந்தின் பாதையைத் திரையில் வரைந்து காட்டும் மறுபரிசீலனை முறை அசுவினுடைய காலத்துக்கு உரியது. இதனால் அசுவினுடைய புகழ் ஓர் இம்மியும் குறையாது. தம் காலம் தந்த கருவியையெல்லாம் நுண்ணறிவோடு பயன்படுத்திய மேதை அவர். அவரவர் காலத்துள் அவரவர் எட்டிய உயரத்தைச் சொல்லலாம். காலத்தைக் கழற்றிவிட்டு இருவரையும் ஒரே கோலால் அளக்கத்தான் இயலாது.

இனிப் புராணத்தின் மையத்துக்கு வருவோம். சிவாலயங்களில் கருவறையின் பின்சுவர்க் கோஷ்டத்தில் லிங்கோத்பவரைக் காணலாம். ஸ்தம்பத்தின் நடுவே இறைவன் வெளிப்பட்டு நிற்க, கீழே வராகம் முகத்தை மண்ணில் புதைத்திருக்கும், மேலே அன்னம் சிறகு விரித்திருக்கும். இருவருமே தேடினார்கள், இருவருமே காணவில்லை. ஆனால் இருவருக்கும் கிடைத்த பலன் ஒன்றன்று. அடியைக் காணேன் என்று திரும்பிவந்து உண்மை உரைத்த திருமால் ஊர்தோறும் கோயில் கொண்டார். முடியைக் கண்டேன் என்று பொய்யுரைத்து, உதிர்ந்து வந்த தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்த பிரமனுக்குக் கோயில் இல்லாமற் போயிற்று; தாழம்பூவும் சிவபூசைக்கு ஆகாததாயிற்று. அளக்க முயன்றது குற்றமாகவில்லை, அளந்துவிட்டேன் என்றதே குற்றமாயிற்று.

நம்முடைய வாதங்களில் தாழம்பூவின் ஸ்தானத்தை வகிப்பவை புள்ளிவிவரங்கள். எண் பொய் சொல்வதில்லை. தான் காணாத ஒன்றுக்குச் சாட்சி சொல்லுமாறு அதைக் கட்டாயப்படுத்துகிறவன்தான் பொய்யன். சென்னையின் எம். ஜே. கோபாலன் ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்று. ஆனால் 1934-ல் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதற்பந்தை வீசியவர் அவர். ஹாக்கியிலும் வல்லவராயிருந்து, 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கைக் கைவிட்டு இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பயணம் சென்று, அங்கே ஒரு டெஸ்டிலும் இடம்பெறாமல் திரும்பியவரும் அவரே. ஒன்று என்ற எண் மெய்தான். அந்த எண்ணுக்குள் அவர் அடங்குவாரா? அண்ணாமலையின் உயரம் 2,668 அடி என்று அளவையாளர் குறித்திருப்பதும் மெய்தான். வலம்வருகிறவன் வணங்குவது அந்த 2,668 அடியை அன்று.

இப்போது ஊதியத்தைப் பார்ப்போம். 2024 நவம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் ரிஷப் பந்தை லக்னோ அணி 27 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதே ஆண்டு, கடைசியாகச் சர்வதேச ஆட்டம் ஆடி ஐந்தாண்டு கடந்தவரை அவ்வாட்டம் ஆடாதவராகவே கணக்கிடும் விதியின்படி, தோனியைச் சென்னை அணி 4 கோடிக்குத் தக்கவைத்துக்கொண்டது. மஞ்சள் சட்டை அணிந்த எந்தப் பையனாவது, தோனி ரிஷப் பந்தில் ஏழிலொரு பங்கு என்று ஒப்புவானா? 2008-ல் நடந்த முதல் ஏலத்தில் எல்லோரிலும் அதிக விலைக்குப் போனவரும் இதே தோனிதான். மனிதர் ஒருவரே, விலைதான் வேறு வேறு. ஓர் அணிக்கு என்ன குறை, கைவசம் எவ்வளவு மிச்சம், எதிரே விலை கேட்பவன் எவ்வளவு துணிவான் என்பவற்றைச் சொல்லும் அளவே ஏலத்தொகை. ஆட்டக்காரனுடைய மதிப்பைச் சொல்லும் வல்லமை அதற்கு இல்லை. கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள் உண்டு. செல்வம் வேண்டுவோர் குபேர லிங்கத்தின் முன் நெடுநேரம் வரிசையில் நிற்பார்கள். அது தவறன்று. ஆனால் குபேர லிங்கம் எட்டில் ஒன்று. அங்கேயே வலம் முடிந்துவிட்டதாக எவரும் வீடு திரும்புவதில்லை.

இவ்விடத்தில் பெரியவர்கள் பலர் மனமாரச் சொல்லும் ஒரு வாதத்தை நான் மறுத்தே ஆக வேண்டும். அக்காலத்தார் ஆட்டத்துக்காக ஆடினார்கள், இக்காலத்தார் பணத்துக்காக ஆடுகிறார்கள் என்பது அவர்கள் கூற்று. 1983-ல் உலகக் கோப்பையோடு திரும்பிய வீரர்களுக்குப் பரிசளிக்கக் கிரிக்கெட் வாரியத்திடம் பணம் இல்லாமல், லதா மங்கேஷ்கர் தில்லியில் கச்சேரி செய்து திரட்டித் தந்த நிதியிலிருந்துதான் ஆளுக்கொரு லட்சம் கொடுத்தார்கள். இதைத் துறவு என்று போற்றுவது நியாயமா? துறவு என்பது தானே விடுவது. 1896-ல் அண்ணனுடைய கல்லூரிச் சம்பளத்துக்கென்று வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டை வைத்துவிட்டு மதுரையிலிருந்து புறப்பட்ட பதினாறு வயது வேங்கடராமன், இவ்வூர் சேர்ந்ததும் மிஞ்சிய காசையும் எறிந்துவிட்டு ரமணரானார், அது துறவு. உழைத்தவனுக்குச் சேர வேண்டியது சேராமற்போனது வெறும் இல்லாமை. அதற்குத் தவம் என்று பெயர் சூட்டுகிறவர்கள், அறிந்தோ அறியாமலோ, அநியாயத்துக்கு மாலையிடுகிறார்கள். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் வறிய குடும்பத்தில் பிறந்த நடராஜனை 2017-ல் ஓர் அணி 3 கோடிக்கு எடுத்தபோது, ஆட்டத்தின் தூய்மை அதனால் எவ்விதத்திலும் கெட்டுவிடவில்லை.

ஆகவே வாதிடுங்கள், தாராளமாக வாதிடுங்கள். வெங்கட்ராகவனைச் சேப்பாக்கத்தில் நேரில் கண்ட தாத்தா தாம் கண்டதைச் சொல்லட்டும். அசுவினை ஆண்டுக்கணக்கில் பார்த்த பேரன் தான் கண்டதைச் சொல்லட்டும். இருவரும் காணாததைக் கண்டதாகச் சொல்லாதிருக்கட்டும். 2012-ல் ஐ.பி.எல். வருவாயிலிருந்து பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒருமுறை நிதி வழங்கப்பட்டதே, அந்தத் திசையில்தான் ஊதியத்தைப் பற்றிய விவாதம் செல்ல வேண்டும். இன்றையவனுக்கு இவ்வளவு ஏன் என்று பொருமுவதை விட்டு, அன்றையவருக்கும், இன்றும் ஏலத்தில் பெயர் வாசிக்கப்படாத மாவட்ட ஆட்டக்காரருக்கும் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்று கேட்பதே அறம். பெரியவர் யார் என்ற வினாவுக்கு முடிந்த முடிபாக விடை கிடையாது. உழைத்தவனுக்கு உரியது சேர்ந்ததா என்ற வினாவுக்கு விடை உண்டு, அதைத் தேடுவது நம் கடமை.