மாறாமையும் ஒரு கேள்வியே

"மாறாதது உலகில் எதுவுமில்லை" என்பது முற்போக்காளராகிய நாம் அடிக்கடி எடுத்தாளும் வாக்கியம். இயற்கையின் நியதி மாறாதது, எனவே சமூகத்தின் நியதியும் மாறாது என்பது பழமை பேணுவோரின் வாதம். இரு சாராரும் இயற்கையைச் சாட்சிக்கு அழைக்கிறோம். சாட்சியை விசாரித்தோமா?

ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, மின்விசையின் வலுவைக் குறிக்கும் நுண்ணமைப்பு மாறிலி ஆகியவற்றை மாணவர் மனனஞ் செய்கின்றனர். அவை என்றும் அவ்வாறே இருந்தனவா என வினாத்தாள்கள் கேட்பதில்லை. 1937 இல் போல் டிராக் கேட்டார். பிரபஞ்சத்துக்கு வயது ஏற ஏற ஈர்ப்பு நலிகிறது என்பது அவர் கருத்து. அவ்வாறாயின் முற்காலத்து ஞாயிறு மிகுதியாக எரிந்து, கடல்கள் கொதிநிலையை எட்டியிருக்கும் என 1948 இல் எட்வேட் டெலர் மறுத்தார். அக்காலத்து உயிர்களின் சுவடுகளோ பாறைகளில் கிடக்கின்றன.

இதனினும் நுட்பமான சாட்சி ஆபிரிக்காவிலிருந்து வந்தது. கபோன் 1960 இல் சுதந்திரம் பெற்றது. அதன் யுரேனியம் பின்னரும் பிரான்சுக்கே சென்றது. 1972 இல் பியெர்லாத் ஆலையில் ஒக்லோ சுரங்கத்துத் தாதைச் சோதித்தோர், நூற்றுக்கு 0.7202 பங்கு இருக்கவேண்டிய யுரேனியம்-235, 0.7171 பங்கே இருக்கக் கண்டனர். குண்டுக்கு உதவும் பொருளாயிற்றே, கணக்குத் தவறலாமா? (சுரங்கத் தொழிலாளியின் கூலியிலும் இத்துணைத் துல்லியம் காட்டப்பட்டதா என்பது வேறு கேள்வி.) ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடி நீரின் துணையோடு அங்கே இயற்கை அணு உலை ஒன்று இயங்கியிருந்தது என்பதே விடை.

அவ்வுலையின் சாம்பலில் மாறிலியின் வரலாறு எழுதப்பட்டிருப்பதை 1976 இல் லெனின்கிராட் விஞ்ஞானி அலெக்சாண்டர் ஷிலியாக்தர் உணர்ந்தார். சமாரியம்-149 நியூத்திரன்களைப் பேராவலோடு விழுங்கும். அணுக்கருவினுள் மின்தள்ளுகையும் கருவிசையும் மிக நுட்பமாக ஈடாகி நிற்பதிலேயே அப்பசி தங்கியுள்ளது. மின்விசை சிறிதளவு வேறுபட்டிருப்பினும் அது அடங்கியிருக்கும். ஒக்லோவிலோ சமாரியம்-149 இன்றைய பசியோடேயே விழுங்கித் தானும் தீர்ந்திருந்தது. 1996 இல் டமூரும் டைசனும் மீண்டும் கணக்கிட்டனர். நுண்ணமைப்பு மாறிலி இத்தனை காலத்தில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்குக்கு மேல் மாறவில்லை.

இவ்விடை நமக்கு உவப்பானதன்று. ஆயினும் மாற்றம் நமது கொள்கை என்பதற்காகப் பாறையைத் திருத்தி எழுத முடியுமா? 1948 இல் சோவியத் நாட்டில் லைசெங்கோவின் கொள்கைக்காக மரபியல் விலக்கப்பட்டதன் கேட்டை நாம் மறத்தலாகாது. கொள்கைக்கு ஒவ்வாத விடையை ஏற்க மறுப்பவன், தன் கேள்வியையும் நேர்மையாகக் கேட்டவனல்லன். பழமைவாதிகளும் இதில் மகிழ இடமில்லை. சமாரியத்தின் பசி சாதிக்கும் குத்தகைக்கும் உறுதிச்சீட்டு ஆகாது.

1999 இல் ஜோன் வெப் குழுவினர், தொலைதூரக் குவாசார்களின் ஒளியில் இம்மாறிலி நூறாயிரத்தில் ஒரு பங்களவு குறைந்திருந்ததாக அறிவித்தனர். பின்னர் அக்குழுவிற் சேர்ந்து உழைத்த மைக்கல் மேர்பியே, கருவிகளின் அலைநீள அளவீட்டில் உள்ள வழுக்கள் அச்சான்றைப் பெரிதும் தளர்த்துவதை 2015 இல் எடுத்துக்காட்டினார். 2022 இல் அவரும் பிறரும் சில்லியிலுள்ள புதிய கருவியால் பிரகாசமான ஒரு குவாசாரை நோக்கி மறுபடியும் அளந்தனர். பத்திலட்சத்தில் ஒரு பங்களவு நுட்பத்திலும் மாற்றம் தென்படவில்லை.