திருப்பி அடி என்றவர்கள்

என் அண்ணன் மகனுக்கு ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை, கான்ட்ராக்டில். மருமகளுக்குத் தாம்பரத்தில் வேலை என்பதால் அந்தப் பக்கம் வாடகைக்கு வீடு தேடினான். அட்வான்ஸ் வரை பேசி முடித்த வீட்டுக்காரர், “சேரப்பணஞ்சேரியில எந்தத் தெரு?” என்று கேட்டார். பதிலைக் கேட்டதும், வீடு தன் மகளுக்கே வேண்டியிருக்கிறது என்றார். “இன்னும் எவ்வளவு நாளைக்குத்தான் பொறுத்துப் போறது சித்தப்பா?” என்று அவன் கேட்டபோது, ‘பொறுத்துப் போ’ என்று எங்கள் பெரியவர்கள் எனக்குச் சொன்ன பதிலை அவனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேலவளவு முருகேசன் யாரையும் அடிக்கவில்லை. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் சட்டப்படி நின்று தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு குடிசைக்குள் எரிந்துபோன 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ‘அடங்க மறு, அத்து மீறு, திமிறி எழு, திருப்பி அடி’ என்ற முழக்கத்துக்கு முகம் சுளிப்பவர்கள், இந்தக் கணக்கை முதலில் பார்க்க வேண்டும்.

அந்த முழக்கத்தை எழுப்பிய விடுதலைச் சிறுத்தைகளின் வேர் கடல் கடந்தது. 1966-இல் அமெரிக்காவின் ஆக்லாந்து நகரில் ஹியூ நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். கறுப்பர் தெருக்களில் ரோந்து வரும் போலீசை, துப்பாக்கி ஏந்திப் பின்தொடர்ந்து கண்காணித்தார்கள். அவர்களைப் பார்த்து 1972-இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார் போன்ற இளைஞர்கள் தலித் பேந்தர் அமைப்பைத் தொடங்க, 1982-இல் மதுரையில் மலைச்சாமி அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் மறைந்த பிறகு பொறுப்பேற்ற திருமாவளவன் 1999 வரை தேர்தலையே புறக்கணித்தார்.

அகிம்சை பேசிய மார்ட்டின் லூதர் கிங்கும், எந்த வழியிலாவது விடுதலை என்ற மால்கம் எக்ஸும் ஒரே ஒருமுறைதான், 1964-இல், நேரில் சந்தித்தார்கள். இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இருவருக்கும் அப்போது வயது 39. சாந்தமாகக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

ஆனாலும் என் அண்ணன் பிள்ளை அரிவாள் எடுப்பதை நான் விரும்பவில்லை. வழக்கு அவன் தலையில்தான் விழும், வேலை போகும், கோர்ட்டுக்கு அலைவது அண்ணியாக இருக்கும். கருஞ்சிறுத்தைகளிடம் நான் மதிப்பது துப்பாக்கியை அல்ல. 1969-இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்குப் போகுமுன் இலவசமாகக் காலைச் சாப்பாடு போட ஆரம்பித்தார்களே, அதைத்தான். எஃப்.பி.ஐ. அந்தச் சாப்பாட்டையும் விட்டுவைக்காமல் குறிவைத்தது. கோபம் அடுப்பு மூட்டவும் தெரிந்துகொண்டால் எதிராளிக்கு எவ்வளவு அச்சம் பாருங்கள்!

நம் பக்கத்துக்கு வருவோம். பறையர்கள் நிலமில்லாமல் படும் பாட்டை 1891-இல் அறிக்கையாக எழுதியவர் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர். அதன் பிறகுதான் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் வந்தன. டி.சி. நிலம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போனது. மாமல்லபுரம் அருகே காரணையில் அப்படிப் போன நிலத்தை மீட்க மக்கள் இறங்கி, அம்பேத்கர் சிலையை நட்டார்கள். சிலை அகற்றப்பட்டதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். நிலத்தைக் கேட்டதும், சிலை வைத்ததும்தான் அவர்கள் செய்த அத்துமீறல். அது நியாயமான அத்துமீறல் என்றே நான் நம்புகிறேன். உரிமையைத் தடுக்கும் வேலியைத் தாண்டுவதும், ஒருவன் உயிரைக் குறிவைப்பதும் ஒன்றல்ல.

இன்று ஒரகடம் சாலையோரம் நிலம் பொன் விலை விற்கிறது. ஆகவே அண்ணன் மகனுக்கும், அவன் வயதுப் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இது: வீடு மறுத்தவனை நேரில் கேள், பயப்படாதே. அதோடு லீவு நாளில் தாலுகா ஆபீசுக்குப் போ. யு.டி.ஆர். எனும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பழைய ‘அ’ பதிவேட்டை, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேள். உன் ஊரில் எத்தனை ஏக்கர் டி.சி. நிலம் இருந்தது, இப்போது யார் கையில் இருக்கிறது என்று சர்வே எண்ணோடு எழுதி வை. தர மறுத்தால் அப்பீல் போடு, கூட்டமாகப் போய் நில்.