எடைக்கருவி அறியாதது

கோடை விடுமுறையில், புனே நகரில், உடல் எடையைக் குறைக்க வந்த சிறுவர்க்கான முகாமொன்றில் வழிகாட்டியாகப் பணியாற்றினேன். காலைதோறும் ஒவ்வொருவர் எடையையும் எல்லோர் முன்னும் உரக்கப் படிப்பது என் கடமை. ஒருநாள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, எடைக்கருவியில் ஏறுமுன் கம்மல்களைக் கழற்றி என் கையில் தந்தாள். படிக்க நா எழவில்லை.

அந்நகர மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தம் உடல்களையே சான்றாக வைத்தனர். உடல்நிறைக் குறியீடு இருவர்க்கும் 22.3, கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு, யூட்கினுக்கு 9.1. உடலின் உண்மையையே முழுதும் உரைக்கமாட்டாத எடை, ஒரு குழந்தையின் மனவுறுதியை எங்ஙனம் உரைக்கும்? அதற்காக எடை பாராதே விடுவது கருணையாகுமா? நீரிழிவு தாட்சண்யம் பார்ப்பதில்லையே!

கருவியைத் தனியறைக்கு மாற்றினேன். கேட்டவர்க்கு மட்டும் எடையைச் சொன்னேன். அச்சிறுமி கடைசி நாள்வரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறைத்திருக்க மாட்டேன்.