துறையும் பாலமும்

புறக்கோட்டைத் தேநீர்க் கடையொன்றில் கிண்ணியாப் பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். "முந்தி துறையில பாதை வரும்வரைக்கும் எல்லாரும் ஒண்டா நிண்டு கதைப்பம், தம்பி. பாலம் வந்த பிறகு ஆளையாள் காண்பதே இல்லை" என்றார்.

பாதை என்று அவர் சொன்னது மனிதரையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்த்த மிதவையை. திருகோணமலைக்குச் செல்வோர் அதற்காகக் காத்து நின்ற காலம் 2009 ஒக்டோபரில் முடிந்தது. சவூதி அரேபியாவின் உதவியோடு 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது.

"நடுச்சாமத்தில் பிள்ளைப்பேற்று நோவோடு ஒருத்தியை வைத்துக்கொண்டு நின்றவருக்கும் அந்தத் துறை இனித்திருக்குமா?" என்று கேட்டேன். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. "அவனிட்டக் கேக்கப்படாதுதான்" என்றார்.

காத்திருத்தலின் இனிமை, அவசரமில்லாதவனுக்கு மட்டுமே உரியது. ஆகவே பாலமே நியாயம் எனலாம். ஆனால் கேள்வி அத்தோடு தீர்ந்துவிடுகிறதா?

அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டுவதற்காகப் பழைய பாலத்தின் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இடைக்காலத்துக்கென ஓர் இழுவைப் படகு ஓடியது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தனர். பின்னர் அத்தொகை மேலும் உயர்ந்தது.

அங்கே பாலமா படகா என்ற தர்க்கம் இருக்கவில்லை. பாலந்தான் வேண்டும் என்பதில் எல்லோரும் ஒருமித்திருந்தனர். அந்த ஒருமிப்பிலேதான் படகு மறக்கப்பட்டது. 'பாலம் வரத்தானே போகிறது, அதுவரைக்கும் இது போதும்' என்ற எண்ணம் மிகச் சாதாரணமானது. நம் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் அன்று காலை புத்தகப்பையோடு ஏறிய பிள்ளைக்கு அது தற்காலிகப் பயணம் அல்ல. அதற்கிருந்தது அந்த ஒரு பயணந்தான். நாளைய பாலத்தின் உறுதியைக் காட்டி இன்றைய படகின் ஓட்டையை நியாயப்படுத்த எவருக்கும் உரிமையில்லை.

பாலம் கட்டுவது ஒரு நற்செயல். இருந்த வழியை மூடுவதோ ஒரு பொறுப்பை ஏற்பது. மூடிய நாள் தொடக்கம், கடக்கும் ஒவ்வோர் உயிரும் மூடியவரின் கையில் அமானிதம். திறப்பு விழா நாளில்தான் பொறுப்புத் தொடங்குகிறது என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

எழும்பும்போது பெரியவர் சொன்னார்: "அந்தக் காலத்துப் பாதைக்காரன் ஆள் கூடினால் ஏத்தமாட்டான், தம்பி. ஏசுவான். நாங்களும் திருப்பி ஏசுவம்."

அவர் ஏங்கியது அந்த ஏச்சுக்காகவும் இருக்கலாம்.