அனுமதித்தவனின் குற்றம்

தீமையைத் தீமையென்று தெரிந்தே விரும்பிச் செய்பவனுக்கும், நன்மை எதுவென்று அறிந்திருந்தும் அதில் நிற்க மாட்டாமல் சரிந்துபோகிறவனுக்கும் குற்றத்தின் அளவு ஒன்றுதானா என்பது அறவியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. சரிந்துபோகிறவன் நாடாள்பவனாகவும் இருந்துவிட்டால் அக்கேள்வி இன்னும் கடுமையாகிறது.

முதல் வகையினனுக்குரிய விடையைச் செங்கல்பட்டுச் சீமை கல்லிலேயே வைத்திருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடத்துக்குப் பாதை பிரியும் சிங்கப்பெருமாள் கோவிலில், பாடலாத்ரி, அதாவது செம்மலை, என வழங்கும் சிறு குன்றைக் குடைந்த குடைவரையில் உக்கிர நரசிம்மர் வீற்றிருக்கிறார். மூலவர் மலையோடு மலையாக இருப்பதால் அவரை வலம்வர விரும்புவோர் குன்றையே சுற்றி வரவேண்டும். தீபாராதனையின்போது அர்ச்சகர் நெற்றித் திருமண்ணை விலக்கிக் காட்ட, அந்த ஒளியில் மூன்றாவது கண் தெரிகிறது. இப்பெருமான் அழிக்க வந்த இரணியனுக்கு இரண்டு மனம் கிடையாது. தானே கடவுள் என்று நம்பினான், நம்பியதைச் சொன்னான், சொன்னபடியே நடந்தான். அப்படிப்பட்டவனுக்கு ஒரு தூண் பிளந்தால் போதும். அறிந்தும் தளர்கிறவனுக்காக எந்தத் தூணும் பிளப்பதில்லை.

அத்தகையவனின் முழு உருவம், மகாபாரதத்தின் பார்வையற்ற மன்னன் திருதராஷ்டிரன். பி.ஆர்.சோப்ராவின் ‘மகாபாரத்’ 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் வரை ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷனில் 94 பகுதிகளாக ஒளிபரப்பானபோது, கிரிஜா சங்கர் ஏற்ற அந்தப் பாத்திரமே, சகுனியின் சூழ்ச்சியையும் துரியோதனனின் உறுமலையும் விட நெடுநேரம் மனத்தை உறுத்துவதாக அமைந்தது. இந்த ஊசலாட்டத்தைக் காட்டுவது கூத்துக்கு வாய்க்காத ஒன்று. வடதமிழகத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இரவிரவாக நடந்து முடிந்தபின், படுகளத்தில் மண்ணால் பேருருவாகக் கிடத்தப்படுபவன் துரியோதனனே அன்றி அவன் தந்தை அல்லன். கிரீடமும் புஜக்கட்டையும் அடவும் உறுதியான மனத்துக்கே பொருந்துகின்றன. ஊசலாடும் மனத்துக்கு வேண்டியது அண்மைக் காட்சி. கண்ணால் நடிக்க வழியற்ற ஒரு முகத்தைக் கேமரா நெருங்கும்போது, உதட்டின் துடிப்பும் அரியணைக் கைப்பிடியை இறுக்கும் விரல்களுமே பேசியாக வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சி என்னும் சிறு திரை இந்த மன்னனுக்கென்றே அமைந்தது போலும்.

மூலநூலிலும் அவன் அவ்வாறே காட்டிக்கொடுக்கப்படுகிறான். சபா பருவத்தில் யுதிஷ்டிரன் திரௌபதியைப் பணயம் வைத்த கணத்தில் பெரியோர் சீச்சீ என்கின்றனர், பீஷ்மருக்கும் துரோணருக்கும் வியர்க்கிறது, விதுரன் தலையைக் கைகளில் தாங்கி உயிரற்றவன்போல் அமர்ந்திருக்கிறான். திருதராஷ்டிரன் மட்டும் மகிழ்ச்சியை மறைக்க மாட்டாமல், வென்றாயிற்றா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். அதுவரை பாசத்தால் கட்டுண்ட அப்பாவித் தந்தையாகத் தோன்றியவனுடைய பலவீனத்துக்குள் ஓர் ஆசை ஒளிந்திருந்தது என்பதை அந்த ஒரே கேள்வி வெளிப்படுத்திவிடுகிறது. துரியோதனனாவது தன் பொறாமையை மறைத்தவன் அல்லன்.

நல்லதை அறிந்தும் அதற்கு மாறாக நடப்பதை அரிஸ்டாட்டில் ‘அக்ரசியா’ என்றார்; தன்னை ஆளும் திறன் இன்மை என்பது அச்சொல்லின் பொருள். அறிந்தவன் தவறு செய்யவே மாட்டான் என்ற சாக்ரடீசின் கருத்தை மறுத்து, ‘நிக்கோமாக்கிய அறவியல்’ ஏழாம் நூலில் அவர் தரும் உவமை இங்கு வெகுவாகப் பொருந்துகிறது: திட்பமற்றவன் நல்ல சட்டங்களையெல்லாம் இயற்றி வைத்துக்கொண்டு எதையும் நடைமுறைப்படுத்தாத நகரத்தைப் போன்றவன், தீயவனோ கெட்ட சட்டங்களை ஒழுங்காக நடைமுறைப்படுத்தும் நகரம். முன்னவனுக்கு வருத்தம் உண்டு, ஆகவே அவன் திருந்தக்கூடியவன் என்பது அவர் முடிவு. தனிமனிதனைப் பொறுத்தவரை இதை ஏற்கலாம். ஆனால் திருதராஷ்டிரனுக்கு வருத்தம் குறைவாகவா இருந்தது? உத்தியோக பருவத்தில் உறக்கம் பிடிக்காத இரவில் விதுரனை அழைத்து விடியும்வரை நீதி கேட்கிறான். கேட்டு முடித்ததும், நீ சொல்கையில் என் புத்தி பாண்டவர் பக்கம் சாய்கிறது, துரியோதனனை அடைந்ததும் திரும்பிவிடுகிறது என்று ஒளிவின்றி ஒப்புக்கொண்டு, விதியே வலியது என்று முடிக்கிறான். கடிந்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இன்றியே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. இவனுக்குக் கடிந்துரைப்பார் இருந்தனர். கடிந்துரையைக் கேட்டுக்கொள்வதே நல்லவனாக இருப்பதற்கு ஈடு என்று எண்ணிவிட்டான்.

விதி என்ற சொல்லைப் பாரதியும் கவனித்திருக்கிறார். 1912-இல் முதற்பாகம் வெளிவந்த ‘பாஞ்சாலி சபத’த்தில் தந்தை மகனை நெடுநேரம் இடித்துரைத்துவிட்டு, கடைசியில் ஊழைச் சொல்லியே சூதுக்கு இசைகிறான். அவன் பக்கத்து வாதம் இதுதான்: செய்தவன் மகன், நான் அனுமதித்தேன், அவ்வளவே.

அனுமதிக்கு எவ்வளவு பொறுப்பு என்பதை நுணுகி ஆராய்ந்தவர், முன்சொன்ன ஒரகடப் பாதையின் மறுகோடியான ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுசர். உயிர் செய்யும் செயல் யாவும் இறைவனைச் சார்ந்ததென்றால் பாவமும் அவனுடையதாகாதா என்ற ஐயத்துக்கு, உயிரின் முதல் முயற்சியைப் பார்த்தே இறைவன் அனுமதி தந்து செயலை நடத்துகிறான் என்று ஸ்ரீபாஷ்யத்தில் விடை கூறி, கூட்டுச் சொத்தை உவமையாக்குகிறார்: இருவருக்குப் பொதுவான பொருளை ஒருவன் பிறனுக்குக் கொடுக்க மற்றவனின் இசைவு தேவை, ஆயினும் அந்த இசைவைப் பெற்றவன் அவனே ஆதலால் கொடுத்ததன் பலன் அவனையே சேரும். திருதராஷ்டிரனின் வாதம் இந்த நிழலில்தான் ஒதுங்கப் பார்க்கிறது. ஆனால் இறைவனுக்குச் சூதில் எந்த ஆதாயமும் இல்லை. மன்னனோ ஆதாயத்தின் பங்காளி, வென்றாயிற்றா என்று கேட்டவன். அவன் தந்த இசைவு பிறர் முயற்சியின்மேல் பொருத்திய முத்திரை மட்டும் அன்று, அதுவே அவனுடைய முதல் முயற்சி. அரியணையில் இருப்பவன் சும்மா இருப்பது என்ற ஒன்று கிடையாது.

கண்ணன் தூதுவந்து அவையில் விசுவரூபம் காட்டியபோது இவனுக்கும் கண் கிடைத்ததாகச் சில பாடங்கள் கூறுகின்றன. கண்டான்; போர் நிற்கவில்லை.

சோப்ராவின் தொடர் பீஷ்மரின் மறைவோடு முடிந்துவிட்டதால் அதில் இடம்பெறாத காட்சி ஒன்று ஆசிரமவாசிக பருவத்தில் உள்ளது. போருக்குப் பின் 15 ஆண்டுகள் யுதிஷ்டிரனின் ஆதரவில் கழித்துவிட்டு வனம் புகுந்த முதியவனைக் காட்டுத்தீ சூழ்கிறது. தப்பிச் செல்லுமாறு சஞ்சயனைப் பணித்துவிட்டு, காந்தாரியும் குந்தியும் அருகிருக்க, கிழக்கு நோக்கி அமர்கிறான். அந்த முடிவை எடுக்க அவன் யாரையும் கேட்கவில்லை.