தப்பித்தலா, திரும்புதலா?

துயரத்திலிருந்து விலகிச் செல்ல விரும்பாத மனம் இல்லை. பீட்டில்ஸ் குழுவினர் 1966-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ரிவால்வர்' இசைத்தட்டில், மஞ்சள் நீர்மூழ்கிக் கப்பலில் கவலையின்றி வாழ்வதைப் பற்றிய பாடல் ஒன்று உண்டு. குழந்தைகளுக்கான பாடல் என்றே அதைப் பெரிதும் இயற்றிய பால் மெக்கார்ட்னி கூறினார். கேட்டவர்கள் சிலரோ அதில் போதை மாத்திரையைக் கண்டனர். குறியீட்டின் இயல்பு இது. பாடியவன் வைத்த பொருளைவிடக் கேட்பவன் தேடும் பொருளே அதில் விரைந்து குடியேறுகிறது.

அந்த இசைத்தட்டின் இறுதிப் பாடல் வேறு வகை. தம்புரா ஒலிக்க, எண்ணங்களை ஒதுக்கி உள்ளே அமிழுமாறு அது அழைக்கிறது. தியான உபதேசம் என்றே தோன்றும். அதன் மூலமோ, திபெத்திய மரண நூலைப் போதை அனுபவத்திற்கு வழிகாட்டியாக மாற்றி, டிமதி லியரி, ரால்ஃப் மெட்ஸ்னர், ரிச்சர்ட் ஆல்பர்ட் ஆகிய மூவர் 1964-இல் வெளியிட்ட புத்தகம். சொல் ஒன்றாயிருக்க, பொருள் எங்கே பிரிகிறது?

ஸ்ரீராமகிருஷ்ணர் மர்க்கட வைராக்கியம் பற்றிக் கூறுவதுண்டு. குடும்பத் தொல்லை தாங்காமல் ஒருவன் காவியுடுத்திக் காசிக்குப் போகிறான். பல நாள் செய்தியில்லை. பிறகு கடிதம் வருகிறது: கவலை வேண்டாம், இங்கே வேலை கிடைத்துவிட்டதாம்! ஊர் மாறியது; ஆள் மாறவில்லை.

நரேந்திரர் முதன்முறை தட்சிணேசுவரம் வந்தபோது பாடியதும் ஒருவகையில் விலகிச் செல்லும் பாடல்தான். மனத்தைத் தன் சொந்த வீட்டிற்குத் திரும்ப அழைக்கும் பிரம்ம சமாஜப் பாடல் அது. ஆனால் அதில் வழி இருக்கிறது. வழியில் பேராசையும் மோகமும் கொள்ளையராக நிற்கின்றன, சமமும் தமமும் காவலர், சாதுசங்கமே தங்குமிடம். மயக்கத்தின் பாடலில் இவை எவையும் இல்லை. நடக்காமலேயே வந்து சேர்ந்துவிட்ட சுகம் மட்டுமே உண்டு.

இதற்காக, வேலை முடிந்து களைத்துத் திரும்பும் இளைஞன் பேருந்தில் கேட்கும் பாட்டைப் பழிப்பது நியாயமாகாது. இளைப்பாறுதல் வேறு, ஒளிந்துகொள்ளுதல் வேறு. பாட்டு முடிந்தபின் வீட்டிலுள்ளோரின் முகத்தை அவனால் பார்க்க முடிகிறதா, அல்லது அடுத்த பாட்டுக்கே கை நீள்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

அந்த மூவருள் ஆல்பர்ட், 1967-இல் இந்தியாவுக்கு வந்தார். நீம் கரோலி பாபாவைக் கண்டு ராம் தாஸ் ஆனார். பார்வையிழப்பைப் போக்க 1978-இல் தோன்றிய சேவா அறக்கட்டளையின் நிறுவனர்களுள் அவரும் ஒருவர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பணிக்கு அந்த அமைப்பு தொடக்கக் காலத்திலேயே துணை நின்றது.