பலர் உடன்பாடும் அறமும்

வட அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தார், மளிகைக் கடைகளில் திராட்சை மது விற்கலாமோ என்னும் வினாவுக்கு 2022 நவம்பரில் வாக்கால் விடை பகர்ந்தனர். நூற்றுக்கு 51க்குச் சற்றுக் குறைந்தோர் ‘ஆம்’ என்றனர். 2023 மார்ச்சு முதல் நாள்தொட்டு விற்பனை நிகழ்வதாயிற்று. பீர் அக்கடைகளில் முன்னரே உண்டு. பெருங்கடையினர் ஆதரிக்க, சிறு மதுக்கடையினர் பிழைப்புக் கருதி எதிர்த்தனர்.

வாக்கு ஒன்றற்கு இசைவு தருமேயன்றி அதனை அறமாக்காது. இதனை விரித்தல் மிகை. ‘வேண்டாதான் வாங்காதொழிக, வற்புறுத்துவார் யார்?’ என்பார் கூற்றே ஈண்டு ஆராயற்பாலது. மதுவறியானுக்கு அது பொருந்தும். குடித்து வருந்தி விட்டொழித்தவன் நிலை வேறு. அவன் மதுக்கடைத் தெருவை விலக்கி மற்றொரு தெருவால் நடந்தான். அந்நடையே அவன் நோன்பிற்கு வேலி. மகவுக்குப் பாலும் மனைக்கு ரொட்டியும் கொள்ளுமிடத்தை எங்ஙனம் விலக்குவான்? கண் சென்றவழி மனம் செல்லும். விட்டவன் மனமோ பழகிய வழியே விரையும்.

அவன்பொருட்டு ஏனையோரைத் தடுத்தல் முறையோ எனின், அவ்வினாவும் எளிதில் ஒதுக்கற்பாலதன்று. ஆயினும், பிற நிறுவனத்தார் வாயிலாக மதுவை இல்லந்தோறும் சேர்ப்பிக்கும் முன்மொழிவை அம்மக்களே அத்தேர்தலில் மறுத்தனர். எல்லையொன்று வேண்டுமென அவரும் கருதினர் போலும். அஃது எவ்விடத்தென்பதே வழக்கு. அவ்வழக்கில் ஒருவனுக்கு ஒருநடை மிச்சப்படுதலும், மற்றொருவன் தன் வேலியை இழத்தலும் ஒவ்வொரு வாக்காகவே எண்ணப்பட்டன.